ஒரு வரி முந்தித் திறந்த பூட்டு

அலுவலகத்தில் அவளுக்குப் பூட்டக்கா என்று பெயர். கணினியில் ஓடும் எல்லா மென்பொருளுக்கும் அடியில் இருந்துகொண்டு, யாருக்கு எதை எப்போது தருவது என்று பார்த்துக்கொள்ளும் பகுதியைக் கெர்னல் என்று சொல்வார்கள். அந்தக் கெர்னலுக்குள் இருக்கும் பூட்டுகள்தான் அவள் வேலை. கணினியின் மூளைகளான பிராசஸர்களில் இரண்டு, ஒரே தகவலில் ஒரே நேரத்தில் கை வைக்காமல் தடுப்பவை அவை. அவள் கெட்டிக்காரி. அது அவளுக்கே கொஞ்சம் அதிகமாகத் தெரிந்திருந்தது.

அவளை அங்கே சேர்த்துவிட்டது அக்காவின் கணவர். அதே நிறுவனத்தில் அவர் சோதனைப் பிரிவில் இருந்தார். அவள் எழுதியதை ஓடவிட்டு, அது எங்கே விழுகிறது என்று தேடுவது அவர் வேலை. "நீ கட்டிக்கிட்டே இரு, நான் இடிச்சுக்கிட்டே இருக்கேன்" என்பார். அவள் மாமா, மாமா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் மேனேஜருக்கும் அவர் மாமாவாகிவிட்டார்.

அந்த வருடம் வந்த புதிய கணினிகளில் பிராசஸர்கள் ஏராளம். ஆனால் திறந்திருக்கும் கோப்புகளின் அட்டவணைக்கு ஒரே ஒரு பூட்டுதான். ஒன்று உள்ளே போனால் மற்றவை எல்லாம் வேலை வெட்டி இல்லாமல் வரிசையில் நிற்கும்.

"ஆயிரம் பேர் சாப்பிட்டு எழுந்தா கை கழுவ ஒரே குழாய்ங்கற கதையா இருக்கு" என்று மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார்.

அவள் அந்தப் பெரிய பூட்டை எடுத்துவிட்டு, அட்டவணையின் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சின்னப் பூட்டு போட்டாள். இன்னும் கொஞ்சம் வேகம் கிடைக்கட்டும் என்று, பூட்டைக் கையில் வைத்திருக்கும் நேரத்தையும் குறைத்தாள். கணினிகள் பறந்தன. மேனேஜருக்கு வாயெல்லாம் பல்.

புதிய கெர்னலை வெளியிடுவதற்கு முந்தைய வாரம் மாமா அவள் மேசைக்கு வந்தார்.

"மெஷின் ஒரு தடவை அப்படியே உறைஞ்சு போச்சும்மா. ஒரு பிராசஸர்காரன் கோப்பைப் படிக்கப் போறான். அதே நேரத்துல இன்னொருத்தன் அதை மூடிட்டுப் போயிடறான்னு தோணுது."

அவள் மெனக்கெட்டாள், இல்லை என்று சொல்ல முடியாது. அதே கணினியில் மறுபடி மறுபடி ஓடவிட்டாள். என்ன நடக்கிறது என்று எழுதிக் காட்டும்படி இடையிடையே வரிகள் சேர்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அப்படி வரிகளைச் சேர்த்ததே ஓட்டத்தின் வேகத்தை மாற்றி, தவறை ஒளியவைத்தது என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

கூட்டத்தில் மேனேஜர் அதைப் பற்றிக் கேட்டதும் அவள் சொன்னாள்: "அந்த மெஷின் பழசு. மெமரி கோளாறா இருக்கும்."

"மெமரியை மாத்திப் பார்த்துட்டேனே" என்றார் மாமா.

"அப்ப மாமா பேயைப் பார்த்திருக்கார்" என்றான் ஓரத்திலிருந்து ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

புதிய கெர்னல் வெளியே போனது. அதன்பிறகு மாமா எதைக் கொண்டுவந்தாலும் "பேயா, நிஜமா?" என்று யாராவது கேட்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துப் பார்த்தார். பிறகு கொண்டுவருவதைக் குறைத்தார். கண்ணால் பார்த்ததையே இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டி, "உங்களுக்கும் தெரியுதா?" என்று கேட்க ஆரம்பித்தார். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, நண்பர் நடத்தும் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கப் போய்விட்டார். அக்கா அவளிடம் எதுவும் கேட்கவில்லை. போனில் பேசும் நேரம் மட்டும் சுருங்கிப்போனது.

ஒரு காலையில், அந்தக் கெர்னல் ஓடிய ஒரு குடிநீர் நிலையத்தின் கணினிகள் உறைந்தன. பம்புகள் நின்று, ஒரு பகுதி முழுக்கத் தண்ணீர் வரவில்லை. அங்கிருந்து வந்த கணினிப் பதிவுகளை அவள் வரிவரியாகப் படித்தாள். மாமா சொன்ன அதே நிலை.

இந்த முறை அவள் பிழை தானாக வரட்டும் என்று காத்திருக்கவில்லை. சந்தேகப்பட்ட இடத்தில் வேண்டுமென்றே ஒரு சின்னத் தாமதத்தைப் போட்டாள். உடனே கணினி விழுந்தது. திரும்ப ஓடவிட்டாள், திரும்ப விழுந்தது. கோப்பை அட்டவணையில் தேடிக் கண்டுபிடித்ததும், 'இதை நான் பயன்படுத்துகிறேன்' என்று குறித்துவைக்கும் முன்பே, அவள் பூட்டைத் திறந்துவிட்டிருந்தாள். அந்த இமைக்கும் இடைவெளியில் இன்னொரு பிராசஸர் புகுந்து கோப்பை மூடி, அதன் இடத்தையும் காலி செய்துவிடும். வேகத்துக்காக, பூட்டைத் திறக்கும் வரியை ஒரு படி மேலே தூக்கியதன் பலன். அந்த வரியைக் கீழே இறக்கினாள். அவ்வளவுதான் வைத்தியம்.

கூட்டத்தில் எழுந்து நின்று, "இதை முதல்ல பார்த்தது மாமா. தப்பு என்னோடது" என்றாள்.

"சரி செஞ்சாச்சுல்ல, விடுங்க" என்றார் மேனேஜர். பேய் என்று சொன்னவன் வேறு நிறுவனத்துக்குப் போய் ரொம்ப நாளாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனாள். மாமா சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்திவைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப நான் பார்த்தது நிஜம்தானா?"

"நிஜம்தான் மாமா."

"எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா. சரியாப் பார்க்காம ஏதோ உளறிட்டேன்னு நினைச்சுட்டேன்."

"திரும்ப வந்துடுங்க மாமா. நான் பேசறேன்."

"வேண்டாம்மா. நீ மெமரின்னு சொன்னதுல எனக்கு வருத்தம் இல்லை. தேடிப் பார்த்துட்டுத்தான் சொன்னே. அவங்க சிரிச்சப்ப உன் முகத்தைப் பார்த்தேன். நம்ம பொண்ணு, ஏதாவது சொல்லுவான்னு."

அவள் மன்னிப்பு என்ற வார்த்தையை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். அந்த இடத்தில் அது ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. ஆனாலும் சொன்னாள். அவர் "சரிம்மா, சரிம்மா" என்று காலரை மடித்தார்.

வாசல் வரை வந்த அக்கா, "நீ வந்து சொன்னியே, அதுவே போதும்னு சொல்லணும்னுதான் நினைக்கறேன். வாய் வரமாட்டேங்குது. கொஞ்ச நாள் போகட்டும்" என்றாள்.

கொஞ்ச நாள் போனது. மாமா இன்னும் கார் ஓட்டத்தான் கற்றுக்கொடுக்கிறார். நல்ல வாத்தியார் என்று பெயர். அக்கா பழையபடி பேசுகிறாள், வேலையைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. சோதனைப் பிரிவில் இப்போது இருக்கும் பெண், தான் பார்த்த ஏதோ ஒன்றைச் சொல்லத் தயங்கித் தயங்கி ஒரு நாள் பூட்டக்காவிடம் வந்தாள். பூட்டக்கா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காரு, நீ என்ன பார்த்தேன்னு முதல்ல இருந்து சொல்லு" என்றாள். அந்தப் பெண் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.