ரொட்டி மாமாவின் முட்டைக்கோஸ்

முட்டைக்கோஸ் இலையை உள்ளங்கையில் விரித்து, ஓரம் விடாமல் வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறார் ரொட்டி மாமா. தெருவில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவர் மாமாதான். பின்னால் அலமாரியில் காலையில் சுட்ட ரொட்டிகள் ஆறிக்கொண்டிருக்கின்றன. வதக்கிய பீன்ஸை நடுவில் வைத்துச் சுருட்டி ஒரு கடி. "மொறுமொறுன்னு ரொட்டிச் சத்தம் சரியாத்தான் இருக்கு. வாசனைதான் வேற வீட்டுது."

முப்பத்தோரு வருடமாக, முதல் ரொட்டியின் நுனித்துண்டு அவருக்கும் மாமிக்கும்தான். சூடு பொறுக்காமல் கைமாற்றிக் கைமாற்றி, அடுப்போரம் நின்றபடியே தின்பார்கள். சண்டை போட்ட நாட்களிலும் அது நின்றதில்லை. பேசாமல் பிட்டு, பேசாமல் நீட்டுவார். உப்பு கூடியதா குறைந்ததா என்பது அந்த ஒரு வாயில் தெரிந்துவிடும்.

போன மழைக்காலத்தில், மேல்நிறம் கண்ணுக்குப் பிடிபடாமல் இரண்டு தட்டு ரொட்டியைக் கருக விட்டார். சர்க்கரை கண்ணுக்கு ஏறிவிட்டது, மூன்று மாதத்தில் இறங்காவிட்டால் பார்வை போய்விடும் என்றார் மருத்துவர். ரொட்டியை விட்டுவிட்டுக் காய்கறி சாப்பிடச் சொன்னார்.

மாமா அதைத் தொழில்முறையில் புரிந்துகொண்டார். உருளைக்கிழங்கை வேகவைத்து, மாவு போலவே பிசைந்து, உருட்டி, பொன்னிறமாகச் சுட்டு, வேளைக்கு நான்கு. ஒரே மாதத்தில் சர்க்கரை இன்னும் ஏறிவிட்டது.

"மாவு வேண்டாம்னா, மாவா இருக்கிற காயையே தேடிப் பிடிச்சிருக்கீங்க," என்றார் மாமி.

அன்றிலிருந்து சந்தைப் பை மாமியின் கையில். கிழங்கு வாசற்படி ஏறுவதில்லை. கீரை, வெள்ளரி, கத்திரிக்காய், காலிஃபிளவர். துருவிய காலிஃபிளவரைத் துணியில் கட்டிப் பிழியும்போது மட்டும் மாமாவின் முகம் மலரும். கைக்கு ஏதோ வேலை கிடைக்கிறது. "வயிறு ரொம்பிடுது. மனசுதான் இன்னும் கையலம்பலை."

நேற்று பரிசோதனை முடிவு வந்தது. சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. பரீட்சை முடிந்த பிள்ளையைப் போல, இனி ரொட்டி சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறார். கண் வேண்டுமென்றால் இனி எப்போதும் இதே சாப்பாடுதான் என்றாராம் மருத்துவர்.

இந்த மூன்று மாதமும் மாமியும் ரொட்டியைத் தொடவில்லை. ருசி பார்க்க ஆளில்லாமல் உப்பு முன்னே பின்னே ஆகி, வாடிக்கைக்காரர்கள் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்கள். இன்று காலை முதல் தட்டு வெளியே வந்ததும், மாமா நுனியைப் பிட்டு மாமியிடம் நீட்டினார்.

"நீங்க இல்லாம எனக்கெதுக்கு?"

"உப்பு பாத்துச் சொல்லு. கடை நடக்க வேணாமா?"

மாமி வாங்கி மென்றார். மாமா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய வெறும் வாயும் கூடவே மெல்ல அசைந்தது. மாமி விழுங்கியபோது, அவரும் விழுங்கினார்.