செஞ்சட்டை வரிசை

நான் ஏழாம் வகுப்புப் படித்த ஆண்டில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வரலாறு நிறம் நிறமாக வந்து சேர்ந்தது. ஆண்டு விழாவில் வழக்கமாக ஆடும் கும்மியும் கரகமும் அந்த முறை வேண்டாம் என்று சமூக அறிவியல் மிஸ் முடிவு செய்தார். பெயரிலேயே நிறம் உள்ள நிகழ்ச்சிகளாகப் பார்த்துத் துண்டுத்தாளில் எழுதிச் சுருட்டி, வகுப்புக்கு ஒன்று எடுக்கச் சொன்னார். ஆறாம் வகுப்புக்குப் பசுமைப் புரட்சி கிடைத்தது. எட்டாம் வகுப்புக்கு வெண்மைப் புரட்சி. மீனவக் குப்பங்களிலிருந்து வரும் பெண்கள் அதிகமிருந்த எங்கள் பக்கத்துப் பிரிவுக்கு, மீன்வளத்தைப் பெருக்கிய நீலப் புரட்சியே வந்து வாய்த்தது. நிஜ வலையையே கொண்டுவருகிறோம் என்று அவர்கள் அப்போதே மார்தட்டினார்கள். எங்கள் தாளில் 'செஞ்சட்டைகள்' என்று இருந்தது. ஒன்பதாம் வகுப்பு வருவதற்குள் தாள் தீர்ந்துவிட்டது. ஆகவே எங்களை அடிக்கும் வெள்ளைக்காரச் சிப்பாய்களாக நடிக்கும் பொறுப்பை மிஸ் அவர்களுக்குக் கொடுத்தார்.

செஞ்சட்டைகள் யாரென்று எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. வடமேற்கு எல்லையில், மலைகளுக்கு நடுவே வாழ்ந்த பட்டாணியர்கள் என்றார் மிஸ். துப்பாக்கியும் கையுமாகத் திரிந்தவர்கள், விடுதலைப் போராட்டத்தில் சேர்ந்தபோது ஆயுதத்தைத் தொடமாட்டோம் என்று சத்தியம் செய்து கொடுத்தார்களாம். வெள்ளை உடை சீக்கிரம் அழுக்கானதால், தோல் பதனிடும் இடத்துச் சாயத்தில் முக்கிச் செங்கல் நிறமாக்கிக்கொண்டார்கள். அதனாலேயே அந்தப் பெயர். அழுக்குக்குப் பயந்து போட்ட சாயம் வரலாற்றில் ஏறிவிட்டதை நினைத்து நாங்கள் சிரித்தோம். அவர்கள் அடி வாங்கினார்கள், திருப்பி அடிக்கவில்லை என்று மிஸ் சொன்னபோது மற்றவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். நான் மட்டும், இதென்ன சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

ஏனென்றால் நான் திருப்பி அடிக்கிற பெண். புதுச்சேரியில் சாரம் பகுதியில் எங்கள் தெருவின் தண்ணீர்க் குழாயடியில் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத குடம் கிடையாது. ஒருத்தியின் கையைக் கடித்ததற்காக அவள் அம்மா வீடு தேடி வந்து கத்திவிட்டுப் போயிருந்தாள். அந்த ஒருத்தி எங்கள் தெருவின் மாடிவீட்டுப் பெண். அப்போது ஒன்பதாம் வகுப்பில் படித்தாள். அவளுடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற பழைய சிப்பாய்; எங்கள் ஊரில் சொல்தா என்போம். சிப்பாய் வேடத்துக்குத் தொப்பி வேண்டும் என்று மிஸ் கேட்டதும், தாத்தாவின் பழைய பட்டாளத் தொப்பியான கெப்பியைக் கொண்டுவந்து மாட்டிக்கொண்டு சிப்பாய்களுக்குத் தலைவியாகிவிட்டாள். எல்லைப்புறத்து வெள்ளைக்காரச் சிப்பாய் பிரெஞ்சுத் தொப்பியோடு நிற்பதில் புதுச்சேரியில் யாருக்கும் உறுத்தலில்லை.

உயரமாக இருந்ததால் என்னை முன்வரிசையின் நடுவில் நிறுத்தினார்கள். ஒத்திகையில் மாடிவீட்டுப் பெண் செய்தித்தாளைச் சுருட்டிய தடியை என் தோளில் வைத்ததுமே என் கை தானாகப் போய் அவள் சடையைப் பிடித்தது. இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னொரு தரம் கை ஓங்குன, உன்னை வெண்மைப் புரட்சிக்கு அனுப்பிடுவேன். பால் கேனைத் தூக்கிக்கிட்டுப் பின்னாடி நில்லு."

பால் கேன் எனக்குப் பெரிய அவமானமாகப்பட்டது. மிஸ்ஸிடம் என் மதிப்பைக் கூட்டிக்கொள்ள வேண்டுமென்று, கேட்காமலேயே ஒரு காரியம் செய்தேன்.

"மிஸ், சட்டைக்கெல்லாம் எங்கம்மா சாயம் போட்டுத் தருவாங்க. மில்லுலதான் வேலை செய்றாங்க."

செஞ்சட்டைகளாக நடித்த பன்னிரண்டு பேருடைய அப்பாக்களின் பழைய வெள்ளைச் சட்டைகளையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா அப்போதுதான் வேலை முடிந்து வந்து தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் நூல் சுத்துறவடி. சாயத்துக்கும் எனக்கும் என்னா சம்பந்தம்?"

"மிஸ் கிட்ட சொல்லிட்டேம்மா."

"என்னைக் கேட்டா சொன்ன?" என்றாள். ஆனால் மூட்டையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மறுநாள் பெரிய மார்க்கெட் பக்கம் போய்ச் சிவப்புச் சாயப் பொட்டலங்கள் வாங்கிவந்தாள். மில்லில் சாயப் பிரிவில் இருக்கும் தோழியிடம் பக்குவம் கேட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய அண்டாவில் வெந்நீரும் உப்பும் போட்டு முதல் சட்டையை முக்கினாள். வெளியே எடுத்தபோது அது ரோஸ் நிறத்தில் இருந்தது.

"இது பஞ்சு மிட்டாய்மா. செங்கல்லு கலர் வேணும்," என்று அழ ஆரம்பித்தேன்.

அப்பா வெளியூரில் லாரி ஓட்டிக்கொண்டிருந்ததால், இந்த மாதிரி நெருக்கடிகளில் எங்களுக்குச் சித்தப்பாதான். அவர் கொத்தனார். அண்டாவை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்த் தன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துவந்தார். சிமென்ட் தரைக்குச் சிவப்புக் கொடுக்கப் போடுகிற காவிப் பொடி.

"அண்ணி, செங்கல்லு கலர்னா அது நம்ம டிபார்ட்மென்ட்டு," என்று பொட்டலத்தை அப்படியே கொட்டினார்.

"சட்டை துவைச்சா என்னாவும் தம்பி?"

"நாடகம் ஒரு நாளுதான அண்ணி. துவைக்கிறதுக்கு நேரமே இருக்காது."

சட்டைகள் உண்மையாகவே செங்கல் நிறமாக வந்தன. தெருவின் குறுக்கே கயிறு கட்டிப் பன்னிரண்டையும் காயப்போட்டோம். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "கட்சி மாநாடா?" என்று ஒருவர் கேட்டார். "வீட்டோட எல்லாரும் மாலை போட்டிருக்கீங்களாக்கா? எப்போ கோயிலுக்குப் புறப்படுறீங்க?" என்று எதிர்வீட்டு அம்மாள் கேட்டாள். சித்தப்பா எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னார்: "வரலாறு காயுது. கைய வெச்சிராதீங்க."

விழா அன்று சரியான வெயில். தகரக் கூரை போட்ட அரங்கில் நெல்கட்டோடு பசுமை போனது, பால் கேனோடு வெண்மை போனது, வலையைச் சுருட்டத் தெரிந்த பெண்கள் நீலத்தை அமர்க்களமாக முடித்தார்கள். பிறகு நாங்கள். பன்னிரண்டு பேரும் மூன்று வரிசையாகக் கைகட்டி நின்றோம். பத்து அடி விழும், பத்தாவது அடிக்கு நான் விழ வேண்டும், நான் விழுந்ததும் மற்றவர்களும் விழ வேண்டும், திரை இறங்கும். இதுதான் ஏற்பாடு.

முதல் அடி விழுந்ததுமே இது செய்தித்தாள் இல்லை என்று தெரிந்துவிட்டது. மாடிவீட்டுப் பெண் உள்ளே மர ஸ்கேலை வைத்துச் சுருட்டியிருந்தாள். கெப்பிக்குக் கீழே அவள் கண்கள் சிரித்தன. கடித்த கைக்குப் பதில் வருகிறது என்று புரிந்தது. என் விரல்கள் அக்குளுக்குள் மடங்கின. அவள் சடை எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் ஆடிக்கொண்டிருந்தது. மிஸ்ஸையும் பால் கேனையும் நினைத்துக்கொண்டுதான் முதல் மூன்று அடிகளைப் பொறுத்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நான்காவது அடியில் அந்த இரண்டுமே நினைவில் இல்லை. இவளால் என் கையை ஓங்க வைக்க முடியாது என்று ஒன்று உள்ளே தோன்றியது. அது தோன்றியதும் வலி இருந்த இடத்திலேயே இருக்க, நான் மட்டும் கொஞ்சம் உயரமாகிவிட்ட மாதிரி இருந்தது. அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து. ஆறு. ஏழு.

எட்டாவது அடிக்கு ஓங்கிய கை நின்றுவிட்டது. சித்தப்பாவின் காவிப் பொடி என் வியர்வையில் கரைந்து, கழுத்திலிருந்தும் சட்டைக் கையிலிருந்தும் சிவப்பாக வழிந்துகொண்டிருந்தது. மாடிவீட்டுப் பெண் தடியைப் பிடித்த தன் விரல்களைப் பார்த்தாள். அங்கேயும் சிவப்பு.

"ஏய், ரத்தம்டி," என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். தடி கீழே விழுந்தது.

அடி விழாமல் நான் எப்படி விழுவது? நான் விழாததால் மற்ற பதினோரு பேரும் விழவில்லை. எல்லோர் கழுத்திலும் சிவப்பு வழிந்தது. "விழுங்கடி, விழுங்கடி," என்று மிஸ் ஓரத்திலிருந்து கிசுகிசுத்தார். நாங்கள் கைகட்டியபடி நின்றோம். பிறகு எங்கோ பின்னாலிருந்து ஒரு கைத்தட்டல் கிளம்பி, மழை மாதிரி முன்னால் வந்தது.

அப்போதுதான் அம்மாவைப் பார்த்தேன். நான்காவது வரிசையில் அவள் எழுந்து நின்றிருந்தாள். "உக்காரும்மா, மறைக்குது," என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அவள் உட்காரவில்லை, கைதட்டவும் இல்லை. திரை இறங்கும்வரை நின்றுகொண்டே இருந்தாள். மகளின் நடிப்பைக் கண்டு வாயடைத்துப்போய்விட்டாள் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மிஸ் என்னைக் கட்டிக்கொண்டு, தன் புடவையெல்லாம் காவியானதைக்கூடப் பார்க்காமல், "விழாம நின்னதுதான்டி சரி," என்றார். மாடிவீட்டுப் பெண் ஈரக் கைக்குட்டையால் என் கழுத்தைத் துடைத்துப் பார்த்து, காயம் இல்லை என்று தெரிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள். குழாயடியில் அதன் பிறகு நாங்கள் சண்டை போட்டதில்லை.

அம்மாவும் நானும் டெம்போவில் வீடு திரும்பினோம். அவள் என்ன சொல்வாள் என்று காத்திருந்தேன். வெளியே பார்த்துக்கொண்டு வந்தவள், "எத்தனை அடி?" என்று கேட்டாள்.

"ஏழும்மா. ஸ்கேலு வெச்சு அடிச்சா. நான் திருப்பி அடிக்கல."

"பார்த்தேன். எண்ணிக்கிட்டா நின்ன?"

"ஆமாம்மா."

"எண்ணக் கூடாது. எண்ணுனா மறக்காது."

என் சட்டையைத் தூக்கித் தோளைப் பார்த்துவிட்டு, உள்ளங்கையை அதன் மேல் வைத்தபடியே வந்தாள்.

பல வருடங்கள் கழித்து, என் கல்யாணத்துக்கு வந்த அம்மாவின் மில் தோழிகள் சிலர் பந்தியில் பேசிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது. எனக்கு மூன்று வயது இருக்கும்போது, வேலையிலிருந்து நிறுத்தியவர்களைத் திரும்ப எடுக்கச் சொல்லி மில் வாசலில் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். போலீஸ் தடியோடு வந்து அடித்தபோது எழுந்து ஓடாமல், ஒரு கல்லைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தவர்களில் அம்மாவும் ஒருத்தி. வீட்டில் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

டெம்போவில் வந்த அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு இதெல்லாம் தெரியாது. ஊரே கைதட்டியபோது பெற்ற தாய் ஒரு சபாஷ் சொல்லவில்லையே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். அம்மா அன்று என்னிடம் மகளிடம் பேசுவதுபோலப் பேசவில்லை, மில் வாசலில் தன்னோடு உட்கார்ந்திருந்த ஒருத்தியிடம் பேசுவதுபோலப் பேசினாள் என்பது எனக்குப் புரியவில்லை.