பெப்பர்மின்ட் ஆறு சொட்டு

1953 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என் நாட்குறிப்பில் ஒரே வரிதான் இருக்கிறது: "கம்பவுண்டர் வீட்டுக் கேக். அவள் இரண்டு துண்டு தின்றாள்."

அவள் என் மனைவி. மணல் பரப்பிய சருவப் பானையில், மேலும் கீழும் தணல் வைத்து நான் வருடந்தோறும் சுடும் கேக்கில் ஒரு துண்டு தின்று, பரவாயில்லை என்கிற மாதிரி "கொள்ளாம்" என்பாள். அவ்வளவுதான்.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் ஒல்லியான மனிதர். விரல்களில் எப்போதும் ஓமத் தண்ணீர் மணக்கும். எதைக் கொடுத்தாலும் மருந்துப் பொடி போலத் தாளில் மடித்தே கொடுப்பார். அன்று நாங்கள் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். அவர் சுட்டது மூன்று அடுக்குச் சாக்லேட் கேக். கொக்கோ கீரிப்பாறை எஸ்டேட் பங்களாவிலிருந்து வந்ததாம். அடுக்குகளுக்கு நடுவே பெப்பர்மின்ட் எண்ணெய் சேர்த்த வெண்ணெய்.

இன்னொரு துண்டை மடித்து என் மனைவியிடம் நீட்டி, "அக்கா, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வேளை" என்றார். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

வாசலில் அவரைத் தனியாகப் பிடித்தேன்.

"எண்ணெய் எத்தனை சொட்டு ஓய்?"

"ஆறு, சார். கூடினா மருந்தாயிடும்."

புத்தாண்டுக்கு நானும் அதே கேக்கைச் சுட்டேன். சொட்டுக்குழலைக் கண்ணுக்கு நேரே பிடித்து, ஆறே சொட்டு எண்ணி விட்டேன். மனைவி ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டை நகர்த்தினாள்.

"எடுத்து வையுங்க. வயிறு வலிக்கும்போ கேக்கேன்."

அடுத்த மாதமே கம்பவுண்டர் இனயம் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார். ஆறு என்பது உண்மைக் கணக்கா, என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூட்டிச் சொன்னதா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.