எஸ்தரம்மா பாடிய ஒன்பது மணி

சென்ற ஞாயிறு, ஆராதனையில் அறிவிப்புகள் வாசித்தபோதுதான் எனக்குச் செய்தி தெரிந்தது. நம் ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவள் நான்; அடுத்த பாட்டுக்குப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தேன். "அமைதியும் பணிவும் நிறைந்த சகோதரி எஸ்தர் அம்மாள் நேற்றிரவு கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்றார் நம் புதுப் போதகர். துக்கத்தையும் மீறிக் கோபம் வந்தது. அமைதியா? பணிவா? போதகரைக் குறை சொல்லவில்லை. அவர் ஏற்காட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆனால் எஸ்தரம்மாவை அறிந்த நீங்களும் நானும் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது.

கிளியூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவர் அவர். எழுபதுகளில் நம் ஆலயத்தில் தமிழ் ஆராதனை காலை ஆறு மணிக்கு. ஒன்பது மணி ஆங்கிலத்துக்கு. வெள்ளைக்காரத் துரைமார் வைத்த ஏற்பாடு. துரைமார் கப்பலேறிப் போய் எவ்வளவோ காலமாகியும் மணி மட்டும் மாறவில்லை. ஒன்பது மணிக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆறு மணிக்கு வந்த எஸ்டேட் குடும்பங்களுக்கோ உட்கார இடம் போதாது. கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, காட்டெருமைக்குப் பயந்து, பனியில் நனைந்தபடி இருட்டிலேயே மலையேறி வருவார்கள்.

ஒரு தை மாதம் எஸ்தரம்மாவின் பேரக்குழந்தைக்குச் சளி முற்றி, சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த்தான் பிழைக்க வைக்க முடிந்தது. திரும்பி வந்ததும் அவர் நேராகச் சபைக் கமிட்டியிடம் போய் நேரத்தை மாற்றச் சொன்னார்.

"கம்பளி போர்த்திட்டு வாங்கம்மா. காலங்காலமா இப்படித்தானே நடக்குது" என்றார் செயலாளர்.

"கம்பளி நாங்க போர்த்திக்கறமுங்க. ஏனுங்க, நீங்க ஒரு வாரம் எங்க ஊட்டுல இருந்து நடந்து வந்து பாருங்களே."

அடுத்த ஞாயிறு ஆறு மணிக்கு ஆலயத்தில் ஈ காக்கை இல்லை. ஒன்பது மணிக்கு நான் ஆங்கிலப் பாட்டை வாசிக்கத் தொடங்கியதும் கதவு திறந்தது. முன்னால் எஸ்தரம்மா, பின்னால் எஸ்டேட் பெண்கள் அத்தனை பேரும். முன்வரிசை வரை வந்து நின்று, அதே ராகத்துக்கு நம் ஞானப்பாட்டுப் புத்தகத்தில் இருக்கும் தமிழ் வரிகளைப் பாடினார்கள். ஆங்கிலம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. நிறுத்தும்படி அப்போதைய போதகர் எனக்குக் கை காட்டினார். நான் நிறுத்தவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக வாசித்ததில்லை.

"இது என்னம்மா கலாட்டா?" என்றார் போதகர், ஆராதனை முடிந்ததும்.

"பாட்டுத்தானுங்களே ஐயா பாடுனோம். அடுத்த வாரமும் வருவோமுங்க."

வாராவாரம் வந்தார்கள். கடைசியில் கமிட்டி இறங்கி வந்து, தமிழுக்கு ஒன்பது, ஆங்கிலத்துக்கு ஆறு என்று மாற்றியது. நாங்கள் துள்ளிக் குதித்தோம். எஸ்தரம்மா ஒத்துக்கொள்ளவில்லை. ஆங்கில ஆராதனைக்குக் கைத்தடி ஊன்றி வரும் ஆங்கிலோ இந்திய விதவை ஒருவர் இருந்தார்.

"அந்தம்மா ஆறு மணிக்கு எப்படிங்க வரும்? அதுக்கு மட்டும் பனி குளுராதுங்களா? அவங்களும் ஒம்போதுக்கே வரட்டுமுங்க. ஒரு பாட்டு அவங்க பாஷையில பாடுனா எங்க வாய் வலிச்சா போயிரும்?"

கமிட்டிக்கு இது முன்னதைவிடப் பெரிய தலைவலி. அவர் விடவில்லை. இன்றும் ஒன்பது மணிக்கு ஒரே ஆராதனை, அதில் ஓர் ஆங்கிலப் பாட்டு. நம் சபை வரலாற்று மலரில், கமிட்டியின் பெருந்தன்மையால் நேரம் மாறியதாக அச்சிட்டிருக்கிறார்கள். ஒரு பெருந்தன்மையும் இல்லை. நான் அங்கே இருந்தேன்.

யாராவது வழக்கம் என்று வாயெடுத்தால் எஸ்தரம்மா ஒரே கேள்விதான் கேட்பார்: "யாரு வெச்ச வழக்கமுங்க அது?" அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது இந்தக் கேள்வியைத்தான்.

சென்ற ஞாயிறு மாலையே அடக்கம். அவரோடு நின்று பாடிய பெண்கள், இப்போது எல்லாரும் நரைத்தவர்கள், பெட்டியருகே வந்து குனிந்தார்கள். நானும் குனிந்தேன். "பொம்பளைங்க பெட்டி தூக்கற வழக்கமில்லைங்க" என்றார் கமிட்டிக்காரர் ஒருவர்.

எஸ்தரம்மாவின் கேள்வியைக் கேட்டேன். அவர் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பெட்டி எங்கள் தோளில் இருந்தது.