வெள்ளிக்கிழமைத் தலைவலி

சிதம்பரம் மேலவீதியில் சேலை விரித்துக் காட்டுவதில் உத்திராபதிக்கு இணை கிடையாது. அவன் அக்கா இருசம்மாள் அப்படித்தான் சொல்வாள். தம்பி என்பதற்காகச் சொல்வதில்லை. வீதியில் உள்ள மற்ற ஜவுளிக்கடைகளில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாள்.

அறுபத்து நாலாம் வருஷம் ஆவணியில் முதலாளி சுப்பராயலு அவனைப் பின்வரிசையிலிருந்து கல்லாப் பக்கம் மாற்றினார். அது பதவி உயர்வு. அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஒற்றைத் தலைவலி வந்தது. முதலில் கண்ணோரம் ஒரு கோடு வளைந்து வளைந்து மின்னும். பிறகு இடப்பக்கம் மட்டும் இடிக்கும். வெளிச்சம் ஆகாது, வாந்தி வரும். வீட்டுக்கு வந்து இருட்டில் ஈரத்துணியோடு படுத்துவிடுவான்.

கூட்டத்தின் கண்ணேறு என்று முதலாளி முடிவு செய்தார். "இப்டியே படுத்தா தீபாவளிக்கு வேற ஆளைத்தான் வைக்கணும்" என்றும் சொன்னார்.

இருசம்மாள் தம்பியை மஞ்சக்குப்பத்தில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

"அடியோட போவாதும்மா" என்றார் அவர். "எது கெளப்பி விடுதுன்னு பாத்து விலக்குங்க. வேளைக்குச் சாப்பிடட்டும், நல்லாத் தூங்கட்டும். வலி ஆரம்பிக்கும்போதே மாத்திரையைப் போட்டுடணும்."

அடுத்த வெள்ளி மாலை இருசம்மாள் கடைக்கு ஜாக்கெட் துணி எடுக்கப் போனாள். எந்தத் துணியும் அவளுக்குப் பிடிக்கவில்லை. விளக்கு வைத்ததும் லியாக்கத் அலி பாய் தூபக்காலும் மயிலிறகு விசிறியுமாக நேரே கல்லாப் பக்கம் வந்தார். வெள்ளிதோறும் வீதியில் எல்லாக் கடைக்கும் சாம்பிராணி போடுகிறவர் அவர்தான்.

"தம்பிக்கு ஜாஸ்தியாப் போடுங்க பாய், போன வாரமும் படுத்துட்டான்" என்றார் முதலாளி.

பாய் உத்திராபதியின் முகத்துக்கு நேரே விசிறினார். அவன் பக்தியோடு மூச்சை இழுத்தான். சற்றைக்கெல்லாம் கண்ணோரத்தைத் தேய்க்கத் தொடங்கினான்.

"மொதலாளி, இந்தப் பொகதான் அவனுக்கு ஆவல" என்றாள் இருசம்மாள்.

"என்னாம்மா பேசற! போட்டே இந்தப் பாடு. போடலன்னா என்னாவறது?"

"போடாமப் பாத்தாத்தானே தெரியும்?"

முதலாளி பாயைப் பார்த்தார்.

"எனக்கே சில நாளு ஆவாது மொதலாளி" என்றார் பாய். "மூஞ்சிக்கு நேரா போடச் சொன்னது நீங்கதான்."

அடுத்த வெள்ளி, பாய் வந்து போகும்வரை உத்திராபதி கொல்லைப்புறம் நின்றான். தலைவலி வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை தலைவலி வந்தது.

"மத்தியானம் சாப்டியாடா?" என்றாள் அக்கா.

"கூட்டம்க்கா."

"வலிக்குக் கூட்டம் தெரியுமா?"

மறுநாளிலிருந்து தூக்குவாளியோடு கடைக்குப் போய், அவன் உண்டு முடிக்கும்வரை நின்றாள். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. அவள் நின்றாள்.

தீபாவளிக்கு முந்தின வெள்ளி கடையில் நிற்க இடமில்லை. பாய் வந்தார், உத்திராபதி கொல்லைப்புறம் போனான். முதலாளியே ஒரு சின்னாளப்பட்டிச் சேலையை எடுத்து விரித்தார். அது கீழே விரியாமல், வாங்க வந்த அம்மாளின் தலைமேல் போய் விழுந்தது.

"நீங்க விடுங்க" என்றாள் அந்த அம்மாள், தலையிலிருந்து சேலையை எடுத்தபடி. "அந்தத் தம்பி வரட்டும். நாங்க ஒக்காந்திருக்கோம்."

முதலாளி சேலையை மடிக்கப் பார்த்தார். அதுவும் வரவில்லை.

"போதும் பாய், பக்கத்துக் கடைக்குப் போங்க" என்றார். "பொக அடங்குனாத்தான் அவன் உள்ள வருவான்."