நான் உப்பாக்கிய ஊற்று

1972-ஆம் வருஷம், பெரிய வெள்ளிக்கிழமை காலை. மரக்காணம் உப்பளத்தை ஒட்டின எங்கள் குப்பத்தில் என் வீட்டுக்காரர் அந்தோணி பாயில் கிடந்தார். விடிவதற்கு முன்னே ஆரம்பித்த வாந்திபேதி. கண் உள்ளே போய், விரல் நுனியெல்லாம் சுருங்கிவிட்டது. "தண்ணி, தெரசா" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. என் வீட்டில் ஒரு வாய் நல்ல தண்ணீர் கிடையாது. குடத்தில் இருந்ததெல்லாம் உப்பு. அதை உப்பாக்கினவள் நான். இதை வாசிக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, என் ஜெபம் கேட்கப்பட்ட கதையைச் சொல்வதற்கு முன்னால் என் திருட்டுத்தனத்தைச் சொல்லியாக வேண்டும். அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் அது சாட்சி ஆகாது.

நான் பிறந்து வளர்ந்தது மலேயாவில், கெடா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அவர் பதினைந்து வயதில் மாமாவோடு அங்கே வந்தவர். தோட்டத்துக் கோயிலில்தான் எங்கள் கல்யாணம். அந்த நாட்டுக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கிடைக்காமல் போன காலத்தில், அவருக்கும் கிடைக்கவில்லை. கப்பல் ஏறினோம். "சொந்த ஊருக்குப் போறீங்க, குடுத்து வச்சவங்க" என்று வழியனுப்பினார்கள். ஊர் அவருக்குத்தான் சொந்தம். எனக்கு அது வெளிநாடு. நான் பேசுவதும் தமிழ்தான், ஆனால் நான் வாயைத் திறந்தாலே அங்கே பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். கெடாவில் பிறந்தவள் என்று எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு வைத்த பெயர் பினாங்குக்காரி.

மாமனார், மாமியார் நாங்கள் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார்கள். அவர் உப்பளத்தில் கூலிக்குச் சேர்ந்தார். முதல் நாள் அவருக்குச் சோறு கொண்டுபோனபோது பாத்தியில் நின்ற தண்ணீரைப் பார்த்து இரண்டடி பின்னால் போனேன். ரத்தம் கழுவின தண்ணீர்போல் சிவந்திருந்தது. "உப்பு விளையறதுக்கு முன்னால அப்படித்தான் இருக்கும்" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொடியில் காயப்போட்ட சேலை விறைத்து நின்றது. நான் கொண்டுவந்த டிரங்குப் பெட்டியின் பூட்டு ஒரே மாதத்தில் துருப்பிடித்துத் திறக்காமல் போனது. ஏதோ ஒன்று எங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது என்று தோன்றும். அவர் வேலைக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன்.

குப்பத்துக்குக் குடிதண்ணீர் ஒரு மணல் ஊற்றிலிருந்து வந்தது. மேட்டோரம் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. அதில் ஊறுகிற தண்ணீரைக் கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றவேண்டும். ஒரு குடம் நிரம்ப அரை மணி நேரம் ஆகும். அடுத்தவள் உட்கார்வதற்கு முன் குழியைக் கொஞ்ச நேரம் சும்மா விடவேண்டும். இதென்ன சோம்பேறித்தனம் என்று எனக்கு எரிச்சல். எங்கள் தோட்டத்தில் கிணறு வற்றினால் இன்னும் ஆழமாக வெட்டுவார்கள், தண்ணீர் பொங்கும். இவர்களுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நினைத்தேன். என் பக்கத்து வீட்டு அஞ்சலையிடம் கேட்டேவிட்டேன். "அதுல மம்முட்டி வெக்கக் கூடாது" என்றாள், அவ்வளவுதான். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சாமி சம்பந்தப்பட்ட ஏதோ பயம் என்று நானாக முடிவுகட்டினேன்.

மாசி மாதம், தவக்காலத்தின் இரண்டாம் வாரம், உச்சி வெயிலில், ஊற்றடியில் யாருமில்லாத நேரம் பார்த்து அவருடைய மண்வெட்டியோடு போனேன். இடுப்பளவு தோண்டினேன். தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. இரண்டு குடம் மொண்டுகொண்டு, பெருமை தாங்காமல் வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் அவர் ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார்.

அந்தக் கடற்கரையில் நல்ல தண்ணீர் மேலாக நிற்கும், கடல் தண்ணீர் அடியில் காத்திருக்கும். ஆழம் போனால் அடியில் இருப்பது மேலே வந்துவிடும். மறுபடி மழை பெய்தால்தான் ஊற்று தேறும். மழைக்கு ஏழு மாதம் இருந்தது. இதையெல்லாம் அவர் அன்றைக்கு எனக்கு விளக்கிச் சொன்னார், யாரோ செய்த வேலை என்று நினைத்துக்கொண்டு. நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன்.

பழி பாக்கியத்தின் மேல் விழுந்தது. பாக்கியம் உப்புச் சுமக்கிறவள். புருஷன் கடலில் போனவன் திரும்பவில்லை. அஞ்சலை ஊற்றடியில் நின்று எல்லோருக்கும் சொன்னாள்.

"நான் எங்கண்ணால பார்த்தேன். மத்தியானம் ஊத்துக்குள்ள எறங்கி நின்னுக்கினு காலால மண்ணத் தள்ளிக்கினு இருந்தா. இன்னாடி பண்றேன்னு கேட்டா பதிலே இல்ல."

பாக்கியம் அப்போதும் பதில் சொல்லவில்லை. இனி பெண்கள் எடுக்கும் எந்தத் தண்ணீரிலும் அவள் கைவைக்கக் கூடாது என்று முடிவானது. அவளோடு பேச்சும் கிடையாது. நான் அந்தக் கூட்டத்தில் நடுவில் நின்றேன். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

அதற்குப் பிறகு குடிதண்ணீருக்கு ஒரு மணி நேரம் நடந்து, கடலைவிட்டு உள்ளே தள்ளியிருந்த ஊர்க் கிணற்றுக்குப் போனோம், ஒரு மணி நேரம் திரும்பி வந்தோம். வழியெல்லாம் பாக்கியத்தைத் திட்டிக்கொண்டே போவார்கள். நானும் "ம்" போடுவேன். தினமும் ஜெபமாலை சொன்னேன். ஒரு மணிகூட உள்ளே இறங்கவில்லை. பங்குனி பிறந்த சில நாளில் பக்கத்துக் குப்பத்தில் வாந்திபேதி என்று செய்தி வந்தது. இரண்டு பேர் போய்விட்டார்கள். வாசலுக்கு வாசல் வேப்பிலை தொங்கியது. எனக்கு மட்டும் தெரியும், அது என்னைத் தேடித்தான் வருகிறது என்று. ஆண்டவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று இப்போது தெரிகிறது. அன்று என் நெஞ்சு அப்படித்தான் அடித்துக்கொண்டது.

பெரிய வெள்ளியன்று வந்தேவிட்டது. முந்தின நாள் கொண்டுவந்த ஒரு குடமும் விடிவதற்குள் தீர்ந்தது. அவர் குடித்ததெல்லாம் வெளியே வந்தது. கிணற்றுக்குப் போய்வர இரண்டு மணி நேரம், அவரைத் தனியே விட்டுப் போக முடியாது. அஞ்சலை வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே ஆள் இருக்கும் சத்தம் கேட்டது. "புள்ளைங்க இருக்குதும்மா, தொறக்க மாட்டேன்" என்றாள் உள்ளேயிருந்து. அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். வேறு வழியில்லாமல் ஊற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து காய்ச்சிக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். இன்னும் மோசமானார். கெடாவிலிருந்து கொண்டுவந்த சின்னப் பாட்டிலில் தீர்த்தம் கொஞ்சம் இருந்தது. அதில் துணியை நனைத்து அவர் உதட்டில் வைத்தேன். அத்தனை பெரிய கடற்கரையில் என்னிடம் இருந்த நல்ல தண்ணீர் அவ்வளவுதான். வெயில் ஏற ஏற அவர் கை ஜில்லிட்டுப் போனது.

வாசல் மணலில் முழங்கால் போட்டேன். மனப்பாடமான ஒரு ஜெபமும் வரவில்லை. தொண்டையில் எலும்பு மாட்டினதுபோல் அந்த ஒன்றுதான் நின்றது. கடைசியில் அதுதான் வந்தது. "ஆண்டவரே, ஊத்தைத் தோண்டினது நான். பாக்கியம் இல்ல. நான்தான். இவரை எடுத்துக்காதீங்க." சத்தமாக, தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது.

நிமிர்ந்தால் வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு பாக்கியம் நிற்கிறாள். இடுப்பில் குடம்.

"எழுந்திரு. அவருக்கு ஒரேடியா ஊத்தாத. ஸ்பூனு ஸ்பூனா குடு" என்றாள்.

வாயில் வைத்துப் பார்த்தேன். இனித்தது. "எங்கேயிருந்துக்கா?" என்று கேட்டேன்.

"தாழம் புதருக்குப் பின்னால சின்னதா ஒரு ஊத்து போட்டேன், ஒரு வீட்டுக்குத்தான் ஊறும். உங்க தண்ணியில கைவெக்கக் கூடாதுன்னுட்டீங்களே, நான் எங்க போவேன்?"

நாங்கள் அவளைத் துரத்தியிருக்காவிட்டால் அந்த ஊற்று இருந்திருக்காது. அதை நினைத்து நான் அழக்கூட அவள் நேரம் கொடுக்கவில்லை. அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கையால் தொடப் பயப்படவில்லை. மூன்று தடவை போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். மத்தியானத்தில் ரோட்டுக்கு ஓடி, உப்பு ஏற்றிப் போன ஒரு லாரியை மறித்து நிறுத்தினாள். மூட்டைகளின் மேல் அவரைப் படுக்கவைத்துப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் கையில் ஊசி குத்தி பாட்டிலைத் தொங்கவிட்டார். என்ன மருந்து என்று நர்ஸம்மாவிடம் கேட்டேன். "உப்புத் தண்ணிதாம்மா" என்றார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உயிர்ப்பு ஞாயிறு காலையில், கோயில் மணி அடிக்கும்போது, அவர் கண்ணைத் திறந்து "பசிக்குது" என்றார்.

ஊருக்குத் திரும்பின மறுநாளே கிணற்றடியில் எல்லோரும் இருக்கும்போது சொல்லிவிட்டேன். அஞ்சலை குடத்தைக் கீழே வைத்தாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் "நடந்த நடையெல்லாம் இவளாலதானா" என்று மட்டும் சொன்னாள். பிறகு எல்லோரும் பாக்கியத்தின் வாசலுக்குப் போனோம். அவள் தலையை வாரிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அன்னிக்கு நீங்க ஏன் வாயைத் திறக்கல? நீங்க தோண்டலன்னு சொல்லியிருக்கலாமே" என்று கேட்டேன்.

அவள் சீப்பைச் செருகிக்கொண்டு என் காலைக் காட்டினாள். மலேயாவிலிருந்து போட்டுக்கொண்டு வந்த ரப்பர் செருப்பு.

"அன்னிக்கு மத்தியானம் தண்ணி குடிக்க வந்தேன். ஈர மண்ணுல சுத்தி இந்தச் செருப்புத் தடம். இந்தக் குப்பத்துல செருப்பு போட்டுக்கினு நடக்கறவ நீ ஒருத்திதான். எறங்கிக் காலால அழிச்சிக்கினு இருந்தேன், அப்பதான் அஞ்சல வந்துட்டா."

"ஏங்க்கா அழிச்சீங்க?"

"என்னைத் திட்டுவாளுங்க, ஒரு மழை வந்தா பேசிடுவாளுங்க. எனக்கு எங்க ஊரு இது. உன்ன சொல்லிட்டா நீ எங்கம்மா போவ?"

நான் ஜெபம் செய்வதற்கு ஒரு மாதம் முன்பே ஆண்டவர் பதிலை அனுப்பிவிட்டிருந்தார். அது பக்கத்துத் தெருவில் பேச்சுத் துணையில்லாமல் உட்கார்ந்திருந்தது. அவளோடு யாரும் பேசாத அந்த நாட்களில் நானும்தான் பேசவில்லை.

ஐப்பசி மழையில் பழைய ஊற்று தேறியது. நான் கொட்டாங்குச்சியோடு வரிசையில் உட்காரப் பழகினேன். ஊர்க்காரர்கள் இன்றும் என்னைப் பினாங்குக்காரி என்றுதான் கூப்பிடுகிறார்கள், இப்போது அது என் பெயர். உங்களில் யாராவது வேற்றூரில் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறீர்களென்றால், தொண்டையில் மாட்டியிருப்பதை முதலில் ஆண்டவரிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம் போய்க் கதவைத் திறந்து வையுங்கள். யார் குடத்தோடு வருவார்கள் என்று நமக்குத் தெரியாது.