சிரித்துவிட்டுக் கொழுந்து போடவும்

தேயிலை விலை விழுந்து கிடந்த வருடங்களில், கட்டபெட்டுப் பக்கம் ஒரு சின்னத் தேயிலை ஃபேக்டரியில் நான் கொழுந்து ஷெட் கிளார்க். சிறு விவசாயிகள் தங்கள் தோட்டத்தில் பறித்ததைச் சாக்கில் கட்டித் தூக்கி வருவார்கள். எடை போட்டு எழுதிக்கொள்வது என் வேலை. விலை நன்றாக இருந்த காலத்தில் "சாப்பிட்டீங்களா கண்ணு" என்று கேட்ட அதே வாய்கள், விலை விழுந்ததும் என்னைத்தான் திட்டின. குன்னூர்த் தேயிலை ஏலத்துக்கு நான் பஸ் ஏறிப் போய் விலையைக் கெடுத்துவிட்டு வந்தேனா என்ன? போதாக்குறைக்கு, இனி வாரத்தில் நாலு நாள்தான் கொழுந்து எடுப்பது என்று முதலாளி சொல்லிவிட்டார். மற்ற நாட்களில் வந்தவர்களைத் திருப்பி அனுப்பும் புண்ணிய காரியமும் என் தலையில் விழுந்தது.

பறித்த கொழுந்து காத்திருக்காது. ஒருநாள் போனால் சாக்குக்குள்ளேயே சூடேறிச் சிவந்துவிடும். அதனால் வரிசையில் நின்ற எல்லோருக்கும் ஒரே பயம்தான்: எதையாவது சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்களோ?

ஷெட் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. மாதம் பிறந்ததும் போன மாதக் கொழுந்துக்கான விலையை அதில் எழுதுவோம். மற்றபடி அதில் இருப்பதெல்லாம் உத்தரவுதான். ஈரக் கொழுந்து எடுக்கப்படாது, மருந்தடித்த கொழுந்து எடுக்கப்படாது, இந்த ரகம். ஒரு மாதம் விலையை எழுதவே முதலாளிக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

"ஏம்மா, விலையை ஓரமாச் சின்னதாப் போட்டுட்டு, நடுவுல ஏதாச்சும் நல்லதா எழுதுங்க. படிக்கிறவங்க மனசு கொஞ்சம் தெளியட்டும்" என்றார்.

போயும் போயும் என்னிடம் சொன்னாரே! எந்தப் பத்திரிகை கையில் கிடைத்தாலும் தொடர்கதையைத் தள்ளிவிட்டு, நல்வாழ்வுக்கு யோசனை சொல்லும் பக்கத்தைத்தான் முதலில் படிப்பேன். காலையில் வெந்நீர் குடி, மாதம் ஒரு புதுப் பாட்டு கேள், தெரியாத ஊரின் பெயரை வரைபடத்தில் தேடு. எல்லாம் மனப்பாடம். ஒன்றையும் செய்ததில்லை. ஊருக்குத்தானே உபதேசம்! "செய்து பார்க்கலாமே" என்று பணிவாக எழுதியிருக்க வேண்டும். ஆனால் சாக்பீஸைப் பிடித்தால் எனக்குள்ளே ஒரு ஹெட்மிஸ்டிரஸ் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். "இந்த மாதம் செய்ய வேண்டியது" என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டேன்.

முதல் மாதம் எழுதியது: தினமும் போகும் வழியை விட்டு வேறு வழியில் நடந்து பார்க்கவும். புது வழியில் புது யோசனை பிறக்குமாம்; எங்கோ படித்தது. நாலாம் நாள் ஒரு கனத்த மனிதர் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"ஏனுங்க, பள்ளத்துல இறங்கி, அந்தப் பக்கத்து மேட்டுல ஏறிச் சுத்திட்டு வந்தேனுங்க. முழங்கால் கழண்டு போச்சு. கொழுந்தை எடுத்துக்குவீங்கல்ல?"

கிண்டல் செய்கிறார் என்று நினைத்து, "எடுத்துக்காம என்னங்க" என்று சிரித்தேன்.

இரண்டாம் மாதம் எழுதியது: வானத்தைப் பார்த்து ஒரு நட்சத்திரத்தையாவது பெயரோடு தெரிந்துகொள்ளவும். அது ஆடி மாதம். எங்கள் ஊரில் ஆடி மாத மேகமூட்டத்தில் எதிர்வீடே தெரியாது. நட்சத்திரத்துக்கு எங்கே போவது? பத்தாம் நாள் அதே மனிதர் குடையை மடக்கிக்கொண்டு வந்து மெதுவாகக் கேட்டார்.

"அம்மிணி, மேகம் வெலகவே மாட்டேங்குதுங்க. நான் பொறந்த நட்சத்திரத்தைச் சொன்னா ஒத்துக்குவீங்களா? கேட்டை."

அவர் முகத்தில் கிண்டல் மருந்துக்கும் இல்லை. பின்னால் நின்ற ஏழெட்டுப் பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பலகையில் எது இருந்தாலும் அது நிபந்தனை. செய்யாதவர் கொழுந்து திரும்பிப் போகும். அப்படித்தான் ஊரே நினைத்துக்கொண்டிருந்தது.

ஐயய்யோ, அது சும்மா எழுதியது என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என்னைத் திட்டின வாய்களெல்லாம் அடங்கிப்போய் நின்றதில் எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. "கேட்டை ஒத்துக்கலாம், வைங்க" என்றேன். அடுத்தவர் ரோகிணி என்றார். அதற்கடுத்தவர் தன் நட்சத்திரம் தெரியாமல் மனைவியைக் கேட்க வீட்டுக்கு ஓடினார்.

மூன்றாம் மாதம் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. தினம் ஒருமுறையாவது மனம் விட்டுச் சிரிக்கவும் என்று எழுதினேன். மறுநாளிலிருந்து ஷெட் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. தராசில் சாக்கை வைப்பதற்கு முன் ஒவ்வொருவரும் என்னைப் பார்த்து, "ஹஹ்ஹஹ்ஹா... போதுங்களா?" என்பார்கள். ஒருவர் சிரித்த சிரிப்பில் அவர் வாயிலிருந்த வெற்றிலை என் எடைப் புத்தகத்தில் வந்து விழுந்தது. இன்னொருவர் தனக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுவதற்கென்றே மச்சானைக் கூட்டி வந்தார். நானும் மகாராணி மாதிரி தலையை ஆட்டி, "சரி, வைங்க" என்பேன்.

இந்தக் கூத்தில், பள்ளத்துத் தோட்டத்து அக்கா இரண்டு வாரமாக வரவில்லை என்பதைத் தாமதமாகத்தான் கவனித்தேன். அரை ஏக்கர் வைத்துக்கொண்டு, தானே பறித்துத் தானே சுமந்து வருபவர். புருஷன் இல்லை. அந்தக் கொழுந்து எங்கள் தராசில் ஏறினால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். உடம்புக்கு என்னவோ என்று, கொழுந்து எடுக்காத ஒருநாள் பார்க்கப் போனேன். தோட்டத்தில் பல நாளாகக் கை பட்டதாகத் தெரியவில்லை. இளங்கொழுந்தெல்லாம் நீண்டு முற்றிப் போய்க் கிடந்தது.

வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க்கா, உடம்புக்கு முடியலீங்களா?"

"உடம்புக்கென்ன, கல்லாட்டம் இருக்குது. உள்ள வாங்க கண்ணு."

"பின்ன ஏன் கொழுந்து கொண்டு வரலே? வேற ஃபேக்டரிக்குப் போடறீங்களா?"

"சேச்சே!" என்றவர் விறகைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீங்க பலகையில எழுதிப் போட்டிருந்தீங்கல்ல... எனக்குச் சிரிப்பு வர மாட்டேங்குதுங்க."

நான் எடுத்துக் கொடுத்த விறகை வாங்கி அடுக்கிக்கொண்டே தொடர்ந்தார்.

"ஊட்டுல கண்ணாடி முன்னாடி நின்னெல்லாம் பார்த்தேன். சத்தந்தான் வருது. பையன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனதுல இருந்து இந்த ஊட்டுல பேச்சுச் சத்தமே இல்லீங்க, சிரிப்புக்கு எங்க போறது? எல்லாரும் பொய்யாத்தான் சிரிக்கறாங்கன்னு பக்கத்து ஊட்டுல சொன்னாங்க. உங்களை ஏமாத்த எனக்கு மனசு வரல. அடுத்த மாசம் வேற ஏதாச்சும் எழுதுவீங்க, அப்பப் போட்டுக்கலாம்னு இருந்துட்டேன்."

அடிப் பாவி, என்ன காரியம் செய்து வைத்திருக்கிறாய் என்று என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல் இருந்தது. அப்படி ஒரு வெட்கத்தை நான் அதற்கு முன் பட்டதில்லை. ஆனால் வெட்கம் வந்தாலும் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும், பிறவிக் குணம்.

"உங்களை எவ சிரிக்கச் சொன்னா? ஒருத்தி கிறுக்கி வெச்சா அது வேத வாக்கா?" என்று கத்தினேன்.

"நீங்கதானே கண்ணு எழுதுனீங்க" என்றார், நிதானமாக.

"நானே சொல்றேன், சிரிக்க வேண்டாம். நாளைக்குக் கொண்டு வாங்க."

"நீங்க வாயில சொல்லுவீங்க. நாளைக்கு நீங்க லீவு போட்டு வேற ஆளு நின்னா? திரும்பத் தூக்கிட்டு மேடேற என்னால முடியாது. பலகையில போடுங்க."

மறுநாள் காலை, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பலகை முழுக்க ஒரே வரி எழுதினேன்: சிரிக்காதவர்களின் கொழுந்தும் எடுக்கப்படும். வரிசையில் முதலில் நின்றவர் படித்தார். திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு குபீரென்று சிரித்தார். அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று வரிசை முழுக்கச் சிரிப்புப் பரவியது. அந்த மாதம் முழுவதும் ஷெட்டில் கேட்ட உண்மையான சிரிப்பு அது ஒன்றுதான்.

அக்கா கடைசியில் வந்தார். பலகையை இரண்டு தடவை படித்தார். சிரிக்கவில்லை. சாக்கை இறக்கித் தராசில் வைத்தார்.

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்து சேர்ந்தார். சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார்.

"என்னம்மா இது, இவ்வளவு முத்திப் போயிருக்குது? மாடுகூடத் திங்காது. திருப்பி அனுப்புங்க."

அக்காவின் கை சாக்கின் வாயைச் சேர்த்துப் பிடித்தது. வேறு வழி தெரியாமல் பலகையைக் காட்டினேன். முதலாளி கண்ணாடியைச் சரி செய்துகொண்டு படித்தார்.

"இதை எப்ப போட்டோம்?"

"இன்னைக்குக் காலைலங்க."

அவர் பலகையைப் பார்த்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார்.

"பலகையில போட்டாச்சுன்னா எடுத்துத்தானே ஆகணும்" என்று முனகிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எடையை எழுதிச் சீட்டைக் கொடுத்தேன். அக்கா அதை இடுப்பில் செருகிக்கொண்டு, காலிச் சாக்கை உதறி மடித்தார். போகிற போக்கில் என் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்:

"அடுத்த மாசமாச்சும் கொஞ்சம் சுளுவானதா எழுதுங்க கண்ணு."